படிவத்தைப் பையில் வையுங்கள்: போரால் இடம்பெயர்ந்தோரின் மனத்துயர் ஆற்றும் பணிக்குப் புதிதாக வருபவருக்கு

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் உளசமூகப் பணிக்குப் புதிதாகச் சேரும் இளைஞர்களின் கையில் முதல் நாளே ஒரு கட்டுப் படிவங்கள் கொடுக்கப்படுகின்றன. பெயர், வயது, எந்த ஆண்டில் இடம்பெயர்ந்தார், யாரை இழந்தார், எதைக் கண்ணால் கண்டார், இரவில் கெட்ட கனவு வருகிறதா என்று கேட்டுக்கொண்டே போகும் அந்தப் படிவங்களை முதல் ஒரு மாதத்துக்குப் பையை விட்டு வெளியே எடுக்க வேண்டாம் என்பதே நான் உங்களிடம் முதலில் கேட்டுக்கொள்வது. பெயர்ப் பட்டியலுடன் வந்தவர்களைப் பற்றி இந்த மண்ணில் இருக்கும் நினைவு வேறு. சுற்றிவளைப்பு நாட்களில் ஊராரை வரிசையில் நிறுத்தி, முகத்தை மூடிய தலையாட்டியின், அதாவது ஆளைக் காட்டிக்கொடுப்பவரின், முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டார்கள். அந்தத் தலை அசைந்தால் அந்த ஆள் வீடு திரும்பவில்லை. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் தஞ்சமடைந்திருந்த மக்களிலிருந்து 150க்கும் மேற்பட்டோர் பிரித்தெடுக்கப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர். நீங்கள் பேனாவைத் திறந்தவுடன் எதிரே இருக்கும் தாயின் பேச்சு நின்றுபோவதற்கு இதுவே காரணம்.

இந்த வழிகாட்டி வைத்தியர்களுக்கானது அன்று. முதன்முதலாகக் களத்துக்குப் போகும் தொண்டர், ஆசிரியர், பிரதேச செயலக உத்தியோகத்தர், பெண்கள் சங்கப் பணியாளர் ஆகியோரை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். எல்லை கடந்து வேறு நாட்டில் தஞ்சம் புகுந்தவரையே சட்டம் அகதி என்று சொல்கிறது. ஆனால் தறப்பாளுக்குள் வாழ்ந்த எங்கள் மக்கள் தங்களை அகதி என்றே சொன்னார்கள், முகாமை அகதி முகாம் என்றே அழைத்தார்கள். ஆகவே இருவரையும் சேர்த்தே பேசுகிறேன்.

புறப்படுமுன்: ஊரின் ஓட்டத்தைக் கேட்டறியுங்கள்

"இடம்பெயர்ந்தவர்" என்ற சொல் ஒரு முறை நடந்த ஒன்றைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. இங்கே பெரும்பாலான குடும்பங்கள் பல முறை ஓடியவை. 1990இல் காட்டுக்குள் ஓடி, திரும்பி வந்து வீடு கட்டி, 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடலிடம் இழந்து, 2006இலும் 2007இலும் மறுபடி ஓடியவர்கள் இருக்கிறார்கள். மூதூர் கிழக்கிலிருந்து வாகரைக்கு வந்து, 2006 நவம்பர் 8ஆம் திகதி கதிரவெளிப் பாடசாலையில் விழுந்த ஷெல்லுக்குத் தப்பி, 2007 தொடக்கத்தில் மட்டக்களப்பு முகாம்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களும் உண்டு. அந்த ஆண்டு மார்ச்சில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையும் காலியானபோது மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை ஒன்றரை இலட்சத்தைத் தாண்டியது. இந்த அடுக்குகளை அறியாமல் "எப்போது இடம்பெயர்ந்தீர்கள்?" என்று கேட்டால், "எந்த முறை?" என்ற எதிர்க்கேள்விதான் வரும்.

அடுத்து, துயரம் ஒரு சமூகத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல என்பதை மனத்தில் கொள்ளுங்கள். 1990 ஓகஸ்ட் என்ற ஒரே மாதத்தில் முஸ்லிம்கள் கொல்லப்பட்ட காத்தான்குடிப் பள்ளிவாசல்களும் ஏறாவூரும், தமிழர் கொல்லப்பட்ட வீரமுனையும் இரத்தம் கண்டன. இன்று ஒரே பேருந்தில் அருகருகே அமர்ந்து போகும் தமிழரும் முஸ்லிம்களும் அந்த மாதத்தின் வேறுவேறு பக்கங்களைச் சுமப்பவர்கள். ஓர் ஊரில் கேட்டதை மற்ற ஊரில் சொல்லாதீர்கள். யார் அதிகம் இழந்தார் என்று ஒப்பிடும் பேச்சு எழுந்தால் அதில் சேராதீர்கள்.

இங்குள்ள குடும்ப முறையையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கரையில் வீடு மகளுக்குரியது. தகப்பனும் அண்ணனும் உழைத்துக் கட்டும் வீட்டைச் சீதனமாகக் கொடுத்து, மருமகனை அந்த வீட்டுக்கே அழைப்பதுதான் வழக்கம். ஆகவே வீடு எரிந்தது என்று ஒரு தாய் சொல்லும்போது, கூரையையும் சுவரையும் மட்டும் அவர் சொல்லவில்லை. மகளின் கல்யாணம் எரிந்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். அப்போது தலை குனிந்து நிற்கும் தகப்பனின் மௌனத்தை நோயாகப் பார்க்குமுன், அவர் கடமை தவறியதாகத் தம்மையே நினைத்துக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள்.

ஊருக்குள் போகும் வழி

கிராம உத்தியோகத்தரிடம் சொல்லிவிட்டுப் போவது முறை. ஆனால் அவருடன் சேர்ந்து போவது எப்போதும் நல்லதல்ல, ஏனெனில் அவருடன் வந்தவர் நிவாரணம் தரவோ நிறுத்தவோ வந்தவர் என்றே கருதப்படுவார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஒரு மூத்த அம்மாவோ, கோயில் அல்லது பள்ளிவாசல் நிருவாகத்தில் ஒருவரோ உங்களை நாலு வீட்டுக்கு அழைத்துப் போவதே மேல். குடும்ப நல உத்தியோகத்தரை, அதாவது ஊரார் மிட்வைஃப் என்று அழைப்பவரை, முதல் வாரமே சந்தியுங்கள். எந்த வீட்டில் எந்தப் பெண் குழந்தை பெற்ற பிறகு பேசாமல் இருக்கிறார், எந்த வீட்டில் இரவில் சண்டை என்பது அவருக்குத் தெரியும்.

அறுவடை நாளில் போகாதீர்கள். நுண்கடன் வாரப்பணம் கட்டும் நாளைக் கேட்டறிந்து அன்றும் போகாதீர்கள். அன்று மோட்டார் சைக்கிளில் வரும் எவரைக் கண்டாலும் பெண்கள் பின்கதவால் வெளியேறிவிடுவார்கள்.

முதற் சந்திப்பு: கேட்காமல் இருத்தல்

2007இல் செங்கலடிப் பக்கத்து முகாம் ஒன்றில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். வாகரையிலிருந்து நடந்து வந்த ஒரு பெண்ணிடம் முதல் நாளே எல்லாவற்றையும் கேட்டேன். அவரும் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் சொன்னார். பிள்ளைகள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தனர். மனம் திறந்துவிட்டார், பாரம் இறங்கியிருக்கும் என்று நம்பித் திரும்பினேன். மூன்று வாரம் கழித்து மறுபடி போனபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த கொட்டிலில் இருந்த பெரியம்மாதான் சொன்னார்: "நீ கேட்டுட்டுப் போன பொறகு மூணு நாளா அவ சோறு திங்கல்ல மனே."

நடந்ததை ஒரே அமர்வில் முழுவதும் சொல்லவைத்தால் மனம் ஆறும் என்ற எண்ணம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அது உதவுவதில்லை, சிலருக்குத் தீங்கும் செய்யும் என்பது இன்று உலக சுகாதார நிறுவனம் உட்படப் பலரும் ஏற்றுக்கொண்ட முடிவு. அந்நிறுவனம் 2011இல் வெளியிட்ட உள முதலுதவி முறை மூன்று சொற்களில் அடங்குகிறது: பார், கேள், இணை. இதில் "கேள்" என்பது விசாரிப்பதல்ல, செவிகொடுப்பது.

ஆகவே முதல் நாளில் பாயிலோ திண்ணையிலோ அவருடன் சமமாக அமருங்கள். தேநீர் தந்தால் மறுக்காமல் குடியுங்கள். கையில் எதையும் எடுத்து எழுதாதீர்கள். இன்றைய நாளைப் பற்றிப் பேசுங்கள்: கிணற்றில் தண்ணீர் எப்படி, பிள்ளை எந்த வகுப்பு, அரச உதவிப்பணமான அஸ்வெசும கிடைக்கிறதா, காணிப் பத்திரம் இருக்கிறதா. அவராகப் பழையதைத் தொட்டால் கேளுங்கள், ஆனால் தோண்டாதீர்கள். அவர் நிறுத்திய இடத்தில் நீங்களும் நில்லுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால், "இதை இன்னொரு நாள் ஆறுதலாகப் பேசுவோமா, அம்மா?" என்று கேட்டு வேறு பேச்சுக்குப் போகலாம். முஸ்லிம் ஊர்களில் பெண்களைப் பெண் பணியாளரே சந்திப்பது நல்லது. அவர்களை உம்மா என்றோ ராத்தா என்றோ அழைத்தாலே பாதித் தயக்கம் போய்விடும்.

எழுமுன் அடுத்து வரும் நாளைச் சொல்லுங்கள். சொன்ன நாளில் போங்கள். மழை என்றாலும், வாகனம் இல்லை என்றாலும் போங்கள். முடியாவிட்டால் முதல் நாளே ஒருவர் மூலம் சொல்லியனுப்புங்கள். இந்தப் பணியில் இதைவிடப் பெரிய திறமை எதுவும் இருப்பதாக நான் நம்பவில்லை. "வாறன்" என்று சொல்லிப் போனவர்கள் வராமலே போனதுதான் இந்த மக்களின் காயம். வீட்டை விட்டுப் போன மகன் வரவில்லை, விசாரணைக்குக் கொண்டுபோன கணவன் வரவில்லை, கணக்கெடுத்துப் போன நிறுவனங்களும் வரவில்லை. சொன்ன நாளில் ஒருவர் நாலாவது முறையாகவும் வந்து நிற்கும்போது மனத்துக்குள் எதுவோ இளகுவதை நான் பல முகங்களில் பார்த்திருக்கிறேன்.

துயரத்தின் சொற்களைப் பிடித்துக்கொள்ளுதல்

"எனக்கு மனச்சோர்வு" என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. "ஒரே யோசனையாக் கிடக்கு", "நெஞ்சுக்குள்ள ஏதோ அடைச்சாப்போல", "கை காலெல்லாம் உளையுது", "நித்திரையே இல்ல" என்பார்கள். பிள்ளை என்றால் "பயந்திட்டான்" என்பார்கள். அதற்கு நூல் கட்டுவதும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதும் வழக்கம். இச்சொற்களை நோய்ப் பெயர்களாக மாற்றி அவர்களிடமே திருப்பிக் கொடுக்காதீர்கள். "யோசனை எந்த நேரத்தில கூட வருது?" என்று அதே சொல்லில் கேட்டால் பதில் நீளும், வேறு சொல்லில் கேட்டால் "விசர் என்று நினைக்கிறாங்க" என்ற அச்சம் எழும்.

எல்லா நித்திரையின்மையையும் போரின் கணக்கில் எழுதிவிடவும் கூடாது. படுவான்கரையின் எல்லைக் கிராமங்களில் யானை வரும் என்று இரவிரவாக விழித்திருக்கிறார்கள். கடன், காணி வழக்கு, கணவரின் கசிப்புக் குடி ஆகியவையும் நித்திரையைக் கெடுக்கும். 2007இல் ஐக்கிய நாடுகள் அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த வழிகாட்டு நெறிகள் இந்த உதவியை ஒரு கூம்பாக வரைந்து காட்டுகின்றன: அடியில் எல்லோருக்கும் வேண்டிய பாதுகாப்பும் அடிப்படைத் தேவைகளும், அதன்மேல் குடும்பமும் ஊரும் தரும் பிடிப்பு, அதன்மேல் பயிற்சி பெற்றவரின் தனிப்பட்ட ஆதரவு, உச்சியில் மிகச் சிலருக்கு வேண்டிய மருத்துவம். புதிதாக வருபவர்கள் உச்சியிலிருந்து தொடங்க ஆசைப்படுகிறார்கள். ஒரு தாய்க்குக் காணிப் பத்திரத்தின் பிரதியை எடுத்துக் கொடுக்கப் பிரதேச செயலகத்துக்கு இரண்டு முறை அவருடன் அலைந்ததால் அவருக்கு வந்த நித்திரையை, என் எந்த ஆலோசனையும் தந்ததில்லை.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்கள்

இந்தப் பகுதியில் நிதானம் மிக வேண்டும். இறந்தவருக்கு எட்டுச் செலவு செய்யலாம், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி செய்யலாம், ஆடி அமாவாசையில் மாமாங்கத் தீர்த்தத்தில் பிதிர்க்கடன் கழிக்கலாம். காணாமல் போனவருக்கு இதில் எதைச் செய்வது? செய்தால் மகனைக் கொன்றதுபோல் ஆகுமே என்று தாய் நடுங்குகிறார். மனைவி பொட்டு வைத்தால் ஊர் ஒன்று சொல்கிறது, அழித்தால் மாமியார் ஒன்று சொல்கிறார். இந்தத் துயரத்துக்கு முடிவு நாள் இல்லை. அது அவரின் மனநோய் அன்று, அவர் நிறுத்தப்பட்டிருக்கும் நிலையின் விளைவு.

"அவர் இனி வரமாட்டார், ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். "கட்டாயம் வருவார்" என்றும் சொல்லாதீர்கள். இரண்டும் உங்களுக்குத் தெரியாதவை. அவர் அம்மன் கோயிலில் வாக்குக் கேட்கப் போவதைத் தடுக்க வேண்டாம். 1990களில் இங்கு களஆய்வு செய்த மானுடவியலாளர் பற்றீசியா லோறன்ஸ், பிள்ளை எங்கே என்று கேட்க வேறு இடமில்லாத காலத்தில் தெய்வமேறி வாக்குச் சொல்பவர்களிடம் தாய்மார் கேட்டதையும், வெளியே பேசமுடியாத துயரம் அங்கே பேசப்பட்டதையும் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். கண்ணகை அம்மன் சடங்கில் வைகாசியில் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியன்று வாய்விட்டு அழும் பெண்ணை மருந்துக்காரரிடம் இழுத்துச் செல்வது அறிவீனம்.

சட்ட வழிகளை விளக்கிச் சொல்வதும் உங்கள் வேலையே. 2016ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான காணாமல் போனோர் அலுவலகத்தின் கிளை மட்டக்களப்பில் உண்டு. அதே ஆண்டு செய்யப்பட்ட வேறொரு திருத்தத்தின்படி, மரணச் சான்றிதழ் பெறாமலே, ஆள் இல்லாமையை உறுதிப்படுத்தும் சான்றிதழைக் குடும்பம் பெற்றுக்கொள்ள முடியும். அதைப் பெறுவதா என்பதைக் குடும்பமே முடிவு செய்யட்டும். மரணச் சான்றிதழைக் கையில் திணித்து நட்டஈடு தந்து அனுப்பும் முயற்சிகளைப் பல தாய்மார் அவமதிப்பாகவே உணர்ந்திருக்கிறார்கள். நீங்களும் அந்த வரிசையில் சேர்ந்துவிடாதீர்கள்.

எப்போது வைத்தியசாலைக்கு

போர் நடந்த நாடுகளில் ஐந்தில் ஒருவருக்கு ஏதோவொரு மனநலப் பாதிப்பு இருக்கிறது என்பது 2019இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கணிப்பு, 22 சதவீதம். மற்ற நால்வரும் துயரப்படவில்லை என்பது அதன் பொருளல்ல. அவர்களுக்கு வேண்டியது கிளினிக் அன்று என்பதே பொருள்.

இரண்டு வாரத்துக்கு மேல் சரியாக உண்ணாமல், குளிக்காமல், பிள்ளையைக் கவனிக்க முடியாமல் இருப்பவர், பிறருக்குக் கேட்காத குரல் தமக்குக் கேட்பதாகச் சொல்பவர், குடியை நிறுத்தியதும் கை நடுங்கிக் குழம்பிப் பேசுபவர், சாவைப் பற்றிப் பேசுபவர் ஆகியோரை அனுப்பத் தாமதிக்க வேண்டாம். சாவைப் பற்றி நேரடியாகக் கேட்க அஞ்சாதீர்கள். "சாக வேணும்போல நினைப்பு வருதா அம்மா?" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, கேட்க ஒருவர் வந்தாரே என்ற ஆறுதலே பெரும்பாலும் மிஞ்சும். ஆம் என்றால் அவரைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். வயல் வீடுகளில் களைகொல்லியும் பூச்சிமருந்தும் கைக்கெட்டும் இடத்தில்தான் இருக்கும். அவற்றை அன்றே உறவினர் வீட்டுக்கு மாற்றிப் பூட்டச் சொல்லுங்கள். 1995இல் உச்சத்தில் இருந்த இலங்கையின் தற்கொலை வீதம் அதன்பின் பெருமளவு குறைந்ததற்குக் கொடிய பூச்சிமருந்துகளைத் தடைசெய்தது முக்கிய காரணம் என்பதை நினைவில் வைத்திருந்தால், இந்தச் சிறு வேலையை அலட்சியம் செய்யமாட்டீர்கள்.

மனநலத் தொலைபேசி உதவிக்கு 1926ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். உயிராபத்து என்றால் 1990 அம்புலன்ஸ். பெண்களுக்கு 1938, சிறுவர்களுக்கு 1929. இந்த நான்கையும் ஒரு மட்டையில் பெரிதாக எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டச் சொல்லலாம்.

வைத்தியசாலைக்கு அனுப்புவதென்றால் ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிடுவதல்ல. முதல் முறை கூடவே போங்கள். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவு எங்கே இருக்கிறது, எந்த நாளில் கிளினிக், களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, கல்முனை, அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலைகளில் எவருக்கு எது அருகே என்பதை முன்னரே நேரில் போய் விசாரித்து வையுங்கள். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் படுவான்கரைப் பயணம் இலகுவானது; ஆனாலும் உள்ளூர்ப் பேருந்து தவறினால் அந்த நாள் போய்விடும் என்பதால், போக வரச் செலவையும் பிள்ளையைப் பார்க்க ஆளையும் முதல் நாளே ஒழுங்குசெய்யுங்கள். அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். மனச்சோர்வுக்கான குளிசை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும் என்பதையும், சுகமாகிவிட்டது என்று தாமாக நிறுத்தக்கூடாது என்பதையும் நோயாளிக்கும் வீட்டாருக்கும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். முதல் வாரத்திலேயே "வேலை செய்யல்ல" என்று கிளினிக் கொப்பியைத் தூக்கி வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

பிள்ளைகள், பெண்கள், ஆண்கள்

பிள்ளைக்குப் பாடசாலையும் விளையாட்டும் நேரத்துக்குச் சோறும்தான் முதல் மருந்து. யுத்தத்தை வரையச் சொல்லிக் கேட்காதீர்கள். தாளையும் வர்ணத்தையும் கொடுத்துவிட்டு விலகி இருங்கள். 1996இல் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, தமிழ், முஸ்லிம் ஊர்களிலிருந்து பிள்ளைகளை ஒன்றாக அழைத்துவந்து, களிமண்ணிலும் கதையிலும் தோட்டத்திலும் நாளைக் கழிக்கவிட்டது. அதன் வழி இன்றும் பின்பற்றத்தக்கது.

பெண்களைத் தனித்தனியே ஆலோசனைக்கு அழைப்பதைவிட, ஒன்றாக அமர்ந்து வேலை செய்யும் கூட்டம் பலன் தருவதைக் கண்டிருக்கிறேன். பன்புல்லால் பாய் பின்னும்போது கண்ணை நிமிர்த்தாமலே பேசலாம். 1991இல் கொழும்பில் இடம்பெயர்ந்த பெண்களுக்காகத் தொடங்கி 1993இல் மட்டக்களப்புக்கு வந்த சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் போன்ற இடங்களின் அனுபவத்தைக் கேட்டறியுங்கள்.

ஆண்களை எல்லோரும் விட்டுவிடுகிறோம். அவர்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள். வாவிக்கரையில் வலை பொத்தும் நேரத்திலோ, வயல் வாடியிலோ பக்கத்தில் போய் இருந்தால் பேசுவார்கள்.

குறிப்பும் இரகசியமும் உங்கள் உடலும்

எழுதத்தான் வேண்டுமென்றால் வீட்டுக்கு வந்து, பெயரில்லாமல் இலக்கமிட்டு எழுதுங்கள். படம் எடுக்காதீர்கள். நன்கொடையாளருக்குக் கதை வேண்டும் என்று மேலதிகாரி கேட்டால், அந்தக் கதை இன்னொருவரின் உடைமை என்று மரியாதையாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லும் துணிவு இல்லாமல் நான் கொடுத்த இரண்டு கதைகள் இன்றும் என்னை உறுத்துகின்றன.

உங்களில் பலரும் இடம்பெயர்ந்த வீடுகளின் பிள்ளைகள். ஒருவரின் கதையைக் கேட்டு வந்த இரவில் உங்கள் தகப்பனின் நினைவு வரலாம், தீபாவளி வெடிச் சத்தத்துக்கு உங்கள் உடலும் திடுக்கிடலாம். ஒரு நாளில் மூன்று வீட்டுக்கு மேல் போகாதீர்கள். வாரம் ஒருமுறை மூத்த பணியாளர் ஒருவருடன் அமர்ந்து, கேட்டவற்றில் எது உங்களுக்குள் தங்கிவிட்டது என்று சொல்லுங்கள். நித்திரை கெட்டால் நீங்களும் கிளினிக்குக்குப் போகலாம்.

திட்டம் முடியும்போது

நிதி முடிவதும் நீங்கள் மாற்றலாகிப் போவதும் நடக்கும். மூன்று மாதம் முன்பே ஒவ்வொரு வீட்டிலும் சொல்லத் தொடங்குங்கள். பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தரையோ, அடுத்து வரும் பணியாளரையோ குறைந்தது இரண்டு முறை உங்களுடன் அழைத்துப் போங்கள். முதல் முறை நீங்கள் பேசுங்கள், இரண்டாம் முறை அவரைப் பேசவிட்டுப் பேசாமல் இருங்கள். கடைசி நாளில் புதிதாக எதையும் கேட்காதீர்கள். தேநீரைக் குடித்துவிட்டு, இனி வருபவர் யார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருவார் என்பதை அம்மாவிடம் இன்னொரு முறை சொல்லி, வீட்டு நாட்காட்டியில் அந்தத் திகதியைச் சுற்றி வட்டமிட்டுவிட்டு வாருங்கள்.